ஓரத்திலும் வைத்துப் பார்த்தாயா

கதவைப் பூட்டினாயா என்று என்னைக் கேட்பாள். பூட்டினேன் என்பேன். பத்தடி நடந்ததும், முன்பு கேட்டதே ஞாபகம் இல்லாதவள்போல மறுபடி கேட்பாள். அதற்கும் பதில் சொல்வேன். ஆபீஸ் வாசலை நெருங்கும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கமாக சைக்கிளில் போகிற தபால்காரரை நிறுத்தி, "அண்ணே, எங்க வூட்டுக் கதவு பூட்டிக் கீதான்னு கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்பாள்.

"நான் சொல்றத நம்ப மாட்டியாக்கா?" என்று ஒருநாள் சண்டையே போட்டேன்.

"நம்பறேன். பூட்டினேன்னுதான் நீ சொன்ன. பூட்டு மாட்டிக்கினுச்சான்னு நீ சொல்லல" என்றாள்.

இப்படி ஒருத்தியோடு நான்கைந்து வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலைமேல் இருந்த வானாய்வுக்கூடத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. கணிதம் படித்துவிட்டு வேலூரிலிருந்து வந்தவள் நான். அவள் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள், அடிவாரத்துப் படவேட்டுக்காரி, என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். மணமாகாத பெண்கள் என்று அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் இரண்டு பேரையும் ஒரே குவார்ட்டர்ஸில் போட்டுவிட்டார்கள். ஆபீஸில் இங்கிலீஷ் பேசுவாள். கோபமோ சந்தோஷமோ கொஞ்சம் அதிகமானால் நேராகப் படவேட்டுக்கு இறங்கிவிடுவாள்.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு அவளோடு போவது ஒரு தண்டனை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது எல்லோரும் செய்வதுதான். ஒரு தட்டு, இரண்டு தட்டு, சரி கொடு என்று வாங்கிவிடுவோம். அவள் காம்புப் பக்கம் தட்டுவாள், அடிப்பக்கம் தட்டுவாள், பிறகு பழத்தைப் புரட்டச் சொல்லி மண்ணில் பதிந்திருந்த பக்கத்தையும் தட்டுவாள். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் முழுதாக அடங்கும்வரை தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். பழம் விற்கிற மலைக்காரப் பெண்மணி ஒருமுறை பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பழம் வாங்க வந்தியா, அதுக்கு ஜொரம் பாக்க வந்தியா?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம் ஒண்ணு சொல்லுது, அந்தப் பக்கம் ஒண்ணு சொல்லுது. நீயே தட்டிப் பாரேன்."

"அது பலாம்மா. எல்லாப் பக்கமும் ஒரே பேச்சு பேச அது இன்னா ரேடியோவா?"

கடைசியில் அந்தப் பழத்தையே வாங்கினாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். வீட்டில் அறுத்தால் ஒரு பாதி தேனாக இருந்தது, இன்னொரு பாதி கறிக்குக்கூட ஆகாத ரெண்டுங்கெட்டான். "பாத்தியா, நான் சொன்னேன்" என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெரிந்தும் ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். "அறுத்தாதான தெரியும், நான் நெனச்சது சரியான்னு" என்றாள். புடவையெல்லாம் பலாப்பிசினாக உட்கார்ந்திருந்த எனக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

தொலைநோக்கியின் முனையில் பொருத்துவதற்காக ஓர் அகச்சிவப்புக் கருவி செய்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியை அளக்கிற கருவி. அதன் உயிர்நாடி ஓர் உலோகக் குழி. சாமை அரிசியில் பாதிகூட இருக்காது. உட்சுவருக்குத் தங்கப் பூச்சு, மேலே ஒரு சின்ன வாய், உள்ளே ஒளியை உணர்கிற துணுக்கு. வாய் வழியே நுழைகிற ஒளி சுவர்களில் மோதி மோதி எப்படியாவது அந்தத் துணுக்கில் விழ வேண்டும். ஆனால் குழி இவ்வளவு சின்னதாக இருந்தால், ஒளி பந்துபோல் துள்ளுவதில்லை, அலையாகத் தளும்புகிறது. தண்ணீர் நிரம்பிய தவலையைத் தட்டினால் தண்ணீர் தனக்கென்று உள்ள சில விதங்களில் மட்டும் தளும்புவதுபோல, ஒவ்வொரு குழிக்கும் தனக்குப் பிடித்த சில தளும்பல்கள் உண்டு. அதை ஒத்ததிர்வு என்பார்கள். எந்த அலைநீளத்தில் எந்த ஒத்ததிர்வு, அது எங்கே வலுத்து எங்கே அசையாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்தால்தான் துணுக்கை எங்கே வைப்பது, குழியை எவ்வளவு ஆழமாகக் கடைவது என்று தெரியும். அதைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டுபிடிக்கிற இயந்திரத்தை ஓட்டுவது என் வேலை.

அவள் எடுத்துக்கொண்ட வழி அப்போது எங்கள் யாருக்கும் பழக்கமில்லாதது. குழியின் குறுக்குவெட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பாள். ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலம் இவ்வளவு, காந்தப்புலம் இவ்வளவு என்று எண்கள். ஒரு கட்டத்தில் ஒரு சின்னத் துடிப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். பிறகு காலத்தைத் துளித் துளியாக நகர்த்த வேண்டும். இந்தத் துளியின் மின்புலத்திலிருந்து அடுத்த காந்தப்புலம், அதிலிருந்து அடுத்த மின்புலம். துடிப்பு சுவரில் மோதித் திரும்பும், பெரும்பகுதி வாய் வழியே ஓடிவிடும், குழிக்குப் பிடித்த அதிர்வுகள் மட்டும் உள்ளே தங்கி மெதுவாக அடங்கும். வேறொரு கட்டத்தில் காதை வைத்து அந்த அடங்கலை முழுக்கப் பதிவு செய்து, எந்தெந்த அதிர்வெண் அதில் இருக்கிறது என்று பிரித்தால், காகிதத்தில் முகடுகள் எழும். ஒரு முகடு, ஒரு ஒத்ததிர்வு.

கேட்க எளிதாக இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டருக்கு அது மலையைத் தலையில் வைத்ததுபோல. காலையில் போட்டால் மாலை வரைக்கும் முனகிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் தங்கள் நட்சத்திரக் கணக்குகளோடு என் அறை வாசலில் நிற்பார்கள். நடுவில் கரண்ட் போனால் முழுக்கப் போச்சு. "மறுபடி போடு" என்பாள், பக்கத்து வீட்டுக் குழந்தையை மறுபடி தூளியில் போடச் சொல்வதுபோல.

இந்தத் தொல்லை தாங்காமல் நானே ஒரு வழி செய்தேன். அவ்வப்போது எல்லாக் கட்டங்களின் எண்களையும் டேப்பில் எழுதி வைத்துவிடுகிற மாதிரி ஒரு துண்டு நிரலை எழுதிச் சேர்த்தேன். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று ஒரு வாரத்தில் புரிந்தது. அதுவரை ஒரு நாளோடு முடிந்த ஓட்டம் இப்போது முடிவே இல்லாமல் நீண்டது. "அடங்கிட்டுதுக்கா, நிறுத்தவா?" என்று கேட்பேன். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்." அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் விடை புரட்டாசியில் வந்தது. வேண்டிய அலைநீளத்தில், ஒற்றைப்பனைபோல, சுத்தமான ஒரே முகடு. துணுக்கு வைக்க நினைத்த நடு இடத்தில் அலை நன்றாக வலுத்திருந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் பொறுமையான மனிதர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். காகிதத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்குங்க. வரைபடத்தை பெங்களூர் பட்டறைக்கு அனுப்பிடுங்க. தைக்குள்ள குழி கைக்கு வந்துடும்" என்றார்.

தை முக்கியம். மலையில் வானம் சுத்தமாக இருப்பது தையிலிருந்து சித்திரை வரைதான். அந்தப் பருவத்தை நம்பி ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், அதிகம் பேச மாட்டார். தூசிக்குள் மூடிக்கிடக்கும் கிழட்டு நட்சத்திரங்களை அந்தக் கருவியால் அளந்துதான் அவர் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். அவருடைய ஃபெல்லோஷிப் அடுத்த வருஷத்தோடு முடிகிறது. இது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"அனுப்ப முடியாது சார்" என்றாள்.

"ஏங்க?"

"துடிப்ப நடுவுல குடுத்தேன். குழி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. நடுவுல அசையாம நிக்கிற அதிர்வு ஏதாச்சும் இருந்தா, அத நான் எழுப்பவே இல்ல. எழுப்பாம இல்லன்னு எப்படிச் சொல்றது?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் டேப் பெட்டியைப் பார்த்தேன்.

துடிப்பை ஓரத்துக்கு நகர்த்தி மறுபடி ஓட்டினோம். ஒற்றைப்பனையின் இடுப்பில் ஒரு வீக்கம் தெரிந்தது. அது ஒரு முகடா, இரண்டு முகடு ஒட்டி நிற்கிறதா என்று பிரிய வேண்டுமானால் இன்னும் நீளமாக ஓட்ட வேண்டும். நாள் கணக்காக ஓட்டினோம். படம் வரைகிற எந்திரப் பேனா, குழிக்குள் அடங்குகிற அலையைக் கோடாக இழுத்துக்கொண்டிருந்தது. நானும் தலைவரும் அந்த மாணவரும் சுற்றி நின்றோம். கோடு சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நேர்கோடாகப் படுத்துவிட்டது.

"முடிஞ்சு போச்சுங்க. நிறுத்திடலாம்" என்றார் தலைவர்.

"கொஞ்சம் ஓடட்டும் சார்."

பேனா நேர்கோடு இழுத்தது. எனக்குக் கால் வலித்தது. வாசலில் இரண்டு பேர் தங்கள் கணக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். இந்த மனுஷியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது கோடு நடுங்கியது. பிறகு மெல்ல எழுந்து, அலையாகி, முன்னைவிடச் சின்னதாக, ஆனால் தெளிவாக, மறுபடி வீங்கியது. மாணவர் குனிந்து பார்த்தார். ஏறக்குறைய ஒரே வேகத்தில் அதிர்கிற இரண்டு அலைகள் இருந்தால்தான் அப்படி நடக்கும். ஒன்றை ஒன்று அழித்து அடங்கியதுபோல் காட்டி, பிறகு கைகோத்துத் திரும்பி வரும்.

"ரெண்டு கீது" என்றாள் அவள். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

இரண்டில் ஒன்று துணுக்கு இருக்கும் இடத்தில் அசையவே அசையாது. அந்த ஒளி துணுக்கில் விழாமல் வாய் வழியே திரும்பிவிடும். அந்த அலைநீளத்தில் மட்டும் அளவு குறைந்து, கோட்டில் ஒரு பள்ளம் விழும் என்பது அவள் கணக்கு. அதற்காகச் சுவரைச் சாய்க்க வேண்டும், துணுக்கை நடுவிலிருந்து தள்ள வேண்டும். சாய்ந்த சுவரை அந்த அளவில் கடைவது எளிதல்ல என்று பெங்களூரிலிருந்து சொன்னார்கள். எவ்வளவு சாய்வு, எவ்வளவு தள்ளுவது என்று அவள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஐப்பசி போயிற்று. கார்த்திகை மழையில் கரண்ட் விட்டு விட்டு வந்தது. பட்டறையில் எங்களுக்காக ஒதுக்கியிருந்த வாரம் வந்து, வரைபடம் இல்லாமலே கழிந்தது.

அந்த மார்கழிக்கு முன்னால்தான் அவளைப் பெண் பார்க்கக் கணியம்பாடியிலிருந்து வந்தார்கள். துணைக்கு என்னையும் படவேட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். சிரித்த முகம். கரும்பு வெட்டு எப்படி, தண்ணீர் எப்படி என்று அவள் அப்பாவோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. காபி கொடுத்த கையோடு எல்லோர் முன்னாலும் அவளே கேட்டாள்: "கல்யாணத்துக்கு அப்பால நான் மலைமேல வேலைக்குப் போவலாமா?"

"தாராளமா போவலாங்க" என்றார் அவர். அவள் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

அதோடு விட்டாளா? அவர் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, மறுபடி கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அதெல்லாம் ஒரு வருசம் பாத்துக்கினு முடிவு பண்ணலாங்க" என்றார் அவர், தணிந்த குரலில். கிளம்பும்போது வாசலில் அவர் அம்மாவும் அவரும் சேர்ந்து நின்ற சமயம் மூன்றாவது தடவை கேட்டாள். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள், "மொதல்ல கல்யாணம் ஆவட்டும்மா. வேல எங்க ஓடிப் போவுது" என்று சிரித்தார்.

வண்டி தெரு முனை திரும்பியதும் அவள், "நைனா, எனக்கு வேணாம்" என்றாள்.

அவள் அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதார். "ஒரு தபா கேட்டியே, அவரும் நல்ல பதிலாத்தான சொன்னாரு. அத்த வாங்கிக்கினு சும்மா இருந்தா இன்னாடி?" அவள் அம்மா சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. மலை ஏறுகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவளிடம் அதைச் சொன்னேன்.

"அவரு பொய் சொல்லலக்கா."

"பொய்யின்னு நான் எப்ப சொன்னேன்? மூணும் அவரோட பதிலுதான். எனக்கு மூணும் தெரிஞ்சாவணும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அவரு சிரிச்சா நல்லா இருந்துச்சு" என்றாள். வளைவில் பஸ் திரும்பும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்தபிறகு எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. பிடித்திருந்தால் எதற்கு மூன்றாவது தடவை?

தை வந்தது. வானம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. தொலைநோக்கியில் வேறு கருவியை மாட்டி வேறு யாரோ வேலை செய்தார்கள். மாசியில் ஒருநாள் அந்த மாணவர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று, "அக்கா, முதல் வடிவத்தையே செஞ்சிருந்தா இப்ப நான் மேல தொலைநோக்கிகிட்ட இருந்திருப்பேன்ல?" என்று அவளைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார்.

"இருந்திருப்ப" என்றாள் அவள். "பாக்குறது சரியா தப்பான்னு தெரியாம பாத்திருப்ப."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பங்குனியில் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றிக்கொண்டார். பழைய புகைப்படத் தகடுகளை வைத்து ஏதோ ஒரு சின்னத் தலைப்பு. இரண்டு வருஷமாகப் படித்தது அவ்வளவும் வீண்.

சித்திரை முடிகிற சமயத்தில் அவள் வரைபடத்தை நீட்டினாள். ஒன்றல்ல, இரண்டு. சாய்ந்த சுவர் வைத்த புதுக் குழி ஒன்று, நேர்ச்சுவர் வைத்த பழைய குழி ஒன்று.

தலைவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "இந்தப் பழசைத்தான் தப்புன்னு சொல்லி அரை வருஷம் நிறுத்தி வச்சீங்க. இதை எதுக்குச் செய்யணும்?"

"தப்பா இல்லியான்னு தெரிய வேணாமா சார்?"

அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். இவளோடு வாதாடுவதைவிட இரண்டு குழி கடைவது லேசு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குழிகள் ஆவணியில் வந்தன. பரிசோதனை அறையில் ஒவ்வொரு அலைநீளமாக ஒளியை விட்டு இரண்டையும் அவளே அளந்தாள். நடுவில் விட்டாள், ஓரத்தில் விட்டாள், சாய்த்து விட்டாள். சாப்பிடக்கூட வராமல் அளந்தாள். முடித்த அன்று மத்தியானம் கேண்டீனில் அந்த மாணவர் உட்கார்ந்திருந்த மேசைக்கு நேராகப் போனாள். நானும் தட்டோடு பின்னால் போனேன்.

"ரெண்டு குழியும் ஒண்ணுதான்" என்றாள். "நான் சொன்ன எடத்துல பள்ளம் கீது. ஆனா அது பள்ளமே இல்ல, சும்மா ஒரு தேய்வு. பழச வெச்சே நீ அளந்திருக்கலாம்."

அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "இதை எதுக்குக்கா என்கிட்ட சொல்றீங்க? சொல்லாம இருந்தா, நீங்க செஞ்சதுதான் சரின்னு நினைச்சிட்டு இருந்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் எழுந்து போய்விட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது. நான் அவளைத் திட்டினேன், எல்லோர் காதிலும் விழும்படி. அந்தப் பழைய குழியைச் செய்யாமல் விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, உன் பெயர் கெட்டிருக்காது, அவன் மனசும் ஆறியிருக்கும், யார் உன்னைக் கேட்டது என்றேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டு, "யாரும் கேக்கல" என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் இரண்டு குழிகளின் கோடுகளையும் ஒரே காகிதத்தில் போட்டுக் காட்டினாள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஏன் அப்படி என்பதையும் அவளே சொன்னாள். கணக்கில் சுவர் முழுசாகப் பிரதிபலிக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். நிஜத்தில் தங்கப் பூச்சு கொஞ்சம் சொரசொரப்பு. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால் இரண்டு ஒத்ததிர்வும் நீண்ட நேரம் தங்காமல் சீக்கிரமே அடங்கி, அகன்று, ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகின்றன. ஒன்று தவறவிட்டதை மற்றது பிடித்துக்கொள்கிறது.

"துடிப்ப எல்லா எடத்துலயும் வெச்சிப் பாத்தேன். காத எல்லா எடத்துலயும் வெச்சிப் பாத்தேன். செவுத்த மட்டும் பாக்கல" என்றாள். அந்தக் கூட்ட அறையில் அவள் இங்கிலீஷை விட்டது அன்றைக்குத்தான்.

"அப்ப ஒரு பருவம்..." என்றார் தலைவர்.

"ஆமா சார். சும்மா போச்சு."

கருவியின் பொறுப்பை அந்த வாரமே அவளிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அதில் அநியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, ரசம் வைத்து, நிறைவாகச் சாப்பிட்டாள். தோற்றுப்போனவளின் சாயலே முகத்தில் இல்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் சமவெளியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எனக்கும் கல்யாணமாகி வேலூரோடு வந்துவிட்டேன். அந்த மாணவர் எப்படியோ பட்டம் வாங்கி வடக்கே ஒரு நிறுவனத்துக்குப் போனார். கேண்டீனில் எழுந்து போனதற்குப் பிறகு அவர் அவளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் வேலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. படவேட்டுக்குப் போகக் காத்திருந்தாள். குழந்தை எப்படி, மாமியார் எப்படி என்றெல்லாம் என்னை விசாரித்தாள். இரண்டு இரண்டு தடவை. நான் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அந்த மாணவர் வடக்கே இப்போது தானே ஒரு அகச்சிவப்புக் கருவி செய்திருக்கிறார். நேர்ச்சுவர் வைத்த குழிதான் அதில் இருக்கிறது. சாய்ந்த சுவர் தேவையே இல்லை, கடைய எளிது, இதுவே போதும் என்று, எனக்கு அனுப்பிய கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவளுடைய அளவுகளைத்தான் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். இதைக் கேட்டு அவள் சந்தோஷப்படுவாள், அல்லது கொஞ்சம் வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவன் குழிய அவன் அளந்தானா?"

"அளந்ததா எழுதியிருக்காருக்கா."

"ஒளிய நடுவுல மட்டும் வுட்டா, ஓரத்துலயுமா?"

"நடுவுல வுட்டதுதான் படத்துல இருந்துச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "அவனோட பூச்சு வேற, நம்ம பூச்சு வேற. பளபளன்னு போட்டிருந்தான்னா பள்ளம் நெஜமாவே வுழும். நம்பர் வெச்சிக்கினு கீறியா?"

பழைய டேப் ஒன்றைப் பற்றிக் கேட்க அவர் எனக்குப் போன் செய்திருந்ததால் நம்பர் என்னிடம் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து அவரைக் கூப்பிட்டு இதையா கேட்பது, முதலில் நலம் விசாரி, அவர் போனை வைத்துவிடப் போகிறார் என்று சொல்லிக்கொண்டே எஸ்.டி.டி. பூத் வரை பின்னால் ஓடினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியே அவள் உதடு அசைவது தெரிந்தது. பிறகு அசைவது நின்று, கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கேட்டாள். படவேடு பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, போயும் விட்டது. இரண்டு பைகளோடு நான் வெளியே வெயிலில் நின்றேன்.

வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"ஓரத்துலயும் வுட்டுப் பாத்தானாம். சாய்ச்சி வுட்டும் பாத்தானாம். பூச்சையும் தனியா எடுத்து அளந்தானாம். எடம் இல்லன்னு கட்டுரையில போடலியாம்." மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னிய அக்கான்னுதான் கூப்ட்டான்" என்றாள்.

"அவ்ளோதானா? வேற யார்கிட்டயாவது கேட்டு ஊர்ஜிதம் பண்ணிக்க வேணாமா?" என்றேன், பஸ் போன எரிச்சலில்.

"எதுக்கு? அவன் சொல்றான் இல்ல" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.